பதினோராவது புளியங்கொட்டை

தம்பி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஹாஸ்டல் சாம்பாரில் உப்பு தூக்கல், கட்டிலில் மூட்டைப்பூச்சி, கால்பந்துக்கு ஆள் எடுத்த முதல் நாளே உன் பெயரைக் குறித்துக்கொண்டார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தாய். படித்துச் சந்தோஷப்பட்டேன். கடைசியில், இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்த மூன்று வரிகளைத்தான் அதற்குப் பிறகு திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். "என் அறையில் இருப்பவன் நசீர் என்று கடற்கரைப் பக்கம் கோட்டைப்பட்டினத்துப் பையன். அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. வேறு அறை கேட்டு வார்டனிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன், மாதக் கடைசிக்குள் மாற்றித் தருவார்" என்று. அந்தப் பையன் உனக்கு என்ன செய்தான் என்று அதில் ஒரு சொல் இல்லை. எப்படி இருக்கும்? அவன் ஒன்றும் செய்யவில்லை.

நீ கோயம்புத்தூருக்குக் கிளம்பிய அன்று, டிரங்குப் பெட்டியைப் பஸ்ஸின் மேலே ஏற்றிவிட்டு இறங்கி வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பா உன்னிடம் சொன்னதை நானும் கேட்டேன். "யாரு கூட வேணும்னாலும் பழகு. இந்தக் கடக்கரைக்காரனுகள மட்டும் நம்பாத. கடைசி நேரத்துல காலை வாரி விட்ருவானுக." நான் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு பக்கத்தில்தான் நின்றேன். அப்படிச் சொல்லாதீங்க என்று சொல்ல வாய் வரவில்லை. இருபது வருடமாக வராத வாய் பஸ் ஸ்டாண்டில் வந்துவிடுமா? பொட்டலத்தை உன் மடியில் வைத்து, "சூடு ஆறுறதுக்குள்ள தின்னுரு" என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்கள் இரண்டு கட்டு கிடக்கின்றன. கண் சீக்கிரம் களைத்துப்போகிறது. நாற்பதை நெருங்குகிறவளுக்கு இவ்வளவு அலுப்பு கூடாது என்று டாக்டர் சொல்கிறார். அலுப்பு வயதால் வந்ததில்லை என்று அவரிடம் சொல்ல முடியுமா? கட்டுகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அப்பா ஆடும் ஆட்டம் உனக்குத் தெரியும். கூடத்துச் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் மைதானம் வரைவார். நம் கல்லூரிக்குப் புளியங்கொட்டை, எதிர்க் கட்சிக்கு வேப்பங்கொட்டை, பந்துக்குச் சட்டைப் பித்தான். தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ஏற்பப் பித்தானை நகர்த்துவார். ஒரு வாரம் திருச்சிக்காரர்களோடு செமி ஃபைனல், மறு வாரம் மதுரையோடோ கும்பகோணத்தோடோ ஃபைனல். எல்லாம் நான் பி.ஏ. கடைசி வருடம் படித்தபோது, சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த சமயத்தில், நடந்திருக்க வேண்டிய ஆட்டங்கள். கால்பந்துக் கோப்பைப் போட்டியில் நான்கு கல்லூரிகள் மிஞ்சியிருந்தன. நம் கல்லூரி அதில் ஒன்று. திருச்சியில் ஆடி முடித்திருந்தால் கோப்பை யாருக்கு என்று தெரிந்திருக்கும். நம்மவர்கள் ஆடாமலே வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஆடாத அந்த ஆட்டத்தைத்தான் உன் அப்பா கல்யாணமான நாளிலிருந்து ஆடிக்கொண்டிருக்கிறார். "அன்னைக்கு மட்டும் மழை பேஞ்சிருந்தா மதுரை கோல்கீப்பரு வழுக்கியிருப்பான் புள்ள," என்று சாப்பிடும்போது திடீரென்று சொல்வார். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே தலையாட்டுவேன்.

உனக்கு ஆறு வயதில் உன்னை ரெஃபரி ஆக்கினார். திருவிழாவில் வாங்கிய தகர விசிலைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே குத்தவைத்திருப்பாய். கட்டை தனக்குச் சாதகமாக விழாவிட்டால், "செவத்துல பட்டுருச்சு, செல்லாது," என்று அப்பா மறுபடி உருட்டுவார். "படலப்பா, நான் பாத்தேன்," என்பாய் நீ. "ரெஃபரி வாயாடக் கூடாதுடா." எனக்கு அடுப்படியில் சிரிப்பு வரும். ஒருநாள் நீ கொட்டைகளை எண்ணிவிட்டாய். "ஏப்பா, அவுகளுக்குப் பதினொண்ணு, நமக்கு மட்டும் ஏன் பத்து?" "ஒருத்தன் வரலடா." "ஏன் வரல?" "நீ விசில ஊது." அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்று கொஞ்ச நேரம் தேடினேன்.

வராத அந்த ஒருவர் பெயர் காசிம். கோட்டைப்பட்டினத்துக்காரர். கல்லூரி அணியின் கேப்டன், சென்டர் ஃபார்வர்டு. உன் அப்பாவுக்கு அவர் வெறும் கூட்டாளி இல்லை. இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கி, ஒரே சைக்கிளில் வந்தார்கள். ஊரிலிருந்து அவர் கருவாடு கொண்டுவந்தால் அப்பா வீட்டுக்குப் பாதி போய்விடும். அந்த வருடம் அணியின் பெயர்ப் பட்டியலைக் காசிம் பஸ்ஸில் தொலைத்துவிட்டார், அதனால்தான் நம் கல்லூரியை நீக்கினார்கள் என்று உனக்கு அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். காசிம் தொலைக்கவில்லை. பட்டியல் என்னிடம் இருந்தது. இன்னும் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரிலிருந்து, டவுனில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தேன். சேர்த்துவிட்ட அன்றே என் அப்பா சொல்லிவிட்டார்: "ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னிக்கே வண்டியக் கட்டிருவேன் ஆத்தா." வகுப்பில் நாங்கள் நான்கு பெண்கள். பெண்களுக்கென்று இருந்த அறையில் காத்திருந்து, ஆசிரியர் வரும்போது அவர் பின்னாலேயே போய் முன் பெஞ்சில் உட்கார்ந்து, மணி அடித்ததும் அவர் பின்னாலேயே வெளியே வருவோம். பையன்களோடு பேச்சு கிடையாது. நோட்டோ புத்தகமோ கொடுக்க வேண்டியிருந்தால் எங்கள் அறை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். அதுதான் வழக்கம்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று விளையாட்டு ஆசிரியர் அணியின் பட்டியலை என்னை எழுதச் சொன்னார். எழுதினேன். பிரின்சிபால் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துவிட்டு, அன்று பகலே மெட்ராஸ் போய்விட்டார். மறுநாள் மாலைக்குள் அது திருச்சியில் இருக்க வேண்டும். காலைப் பஸ்ஸில் காசிம் கொண்டுபோவதாக ஏற்பாடு. ஜன்னலுக்கு வெளியே நின்று, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்: "தங்கச்சி, நாலு மணிக்கு ஜன்னல்ல வச்சிருங்க. நான் எடுத்துக்கிறேன்." நாலு மணிக்குக் கவரோடு போனேன். வேப்பமரத்தடியில் அணி முழுவதும் நின்றது. யாரோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்று நினைத்தேன். அவர்கள் யாருமே என்னைப் பார்க்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அந்தச் சிரிப்பில் உன் அப்பாவின் சிரிப்பும் இருந்தது. நாலு எட்டு வைத்தால் ஜன்னல். என்னால் வைக்க முடியவில்லை. காலையில் ஆள் வருவதற்கு முன்னால் வைத்துவிடலாம் என்று கவரைத் தர்க்கப் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டேன்.

சித்தப்பா வீட்டு வாசலில் வில்வண்டியோடு என் அப்பா நின்றுகொண்டிருந்தார். "கெளம்பு ஆத்தா. பொழுதடையக் காப்புக் கட்டுறாக. எல்லையத் தாண்டுறதுக்குள்ள கட்டிட்டாகன்னா ஊருக்குள்ள விடமாட்டாக." அம்மன் கோவிலில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை எட்டு நாளும் ஊர்க்காரர்கள் வெளியே இராத் தங்கக் கூடாது. ஆண்கள் பகலில் போய்விட்டுப் பொழுது சாயத் திரும்பலாம். வயசுப் பெண் எங்கே போவது? புத்தகத்தோடு வண்டியில் ஏறினேன்.

மறுநாள் விடிந்ததும் என் அண்ணன் பூ வாங்க சைக்கிளில் டவுனுக்குக் கிளம்பினார். இதை மட்டும் நீ நிதானமாகப் படி தம்பி. முதல் நாள் ஜன்னல் வரை போகாமல் நின்றது கூச்சம். அதை யாரும் மன்னித்துவிடலாம். மறுநாள் காலை அப்படி இல்லை. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சைக்கிள் பக்கத்தில் போய் நின்றேன். காலேஜ் வாசலில் காசிம் என்று ஒருவர் நிற்பார், இதைக் கொடுத்துவிடு என்று சொன்னால் போதும். பஸ்ஸுக்கு முன்னால் அண்ணன் போய்ச் சேர்ந்துவிடுவார். அண்ணன் கேட்டார்: "என்ன புள்ள, என்னமும் வேணுமா?" அந்தப் பெயரைச் சொன்னால் அடுத்து என்னென்ன கேள்வி வரும், அது என் அப்பா காதுக்கு எப்படிப் போகும், நான்கு மாதத்தில் வரும் பரீட்சை என்னவாகும் என்று எல்லாவற்றையும் அந்த ஒரு நிமிஷத்தில் யோசித்துவிட்டேன். யோசித்துத்தான் சொன்னேன். "ஒண்ணும் இல்லண்ணே. கனகாம்பரம் கெடச்சா வாங்கிட்டு வா."

எட்டு நாள் கழித்துக் கல்லூரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்கள் அறையில் ஒருத்தி சொன்னாள்: "அந்தக் காசிம் லிஸ்ட்ட பஸ்ஸுல தொலச்சுட்டாராம்டி. அவரே ஒத்துக்கிட்டாராம். மைதானத்துல வச்சு அவரோட கூட்டாளியே கன்னத்துல அறைஞ்சுட்டாராம்." அறைந்த கூட்டாளி உன் அப்பா. நான் கொடுக்கவே இல்லை என்று காசிம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒரு பெண்ணின் பெயர் அந்த மைதானத்தில் அடிபட வேண்டாம் என்று, வாங்கினேன், தொலைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அன்று மத்தியானம் ஜன்னல் பக்கம் வந்தார். நான் கவரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "இப்ப அது எதுக்கு தங்கச்சி? நீங்களே வச்சுக்கங்க. ஒண்ணும் கெட்டுப்போகல. பரீட்சைய நல்லா எழுதுங்க." கன்னம் இன்னும் லேசாகக் கன்றியிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவர் வகுப்புக்கு வரவில்லை. பரீட்சையும் எழுதவில்லை. அவர் அத்தாவோடு படகுத் தொழிலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் பரீட்சை எழுதினேன். நம் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே, அந்தப் பட்டத்தை வாங்கினேன். அதைத் துடைக்கும்போதெல்லாம் அம்மா ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று நீ ஒருமுறை கேட்டாய். தூசி என்றேன்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு மாப்பிள்ளையாக வந்தவர் உன் அப்பா. கல்யாணத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். யாரிடம் சொல்வது, எந்த ஜன்னலில் வைப்பது? கல்யாணமான முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் சாக்கட்டியை எடுத்துக் கோடு போட்டு, பத்துக் கொட்டைகளை அடுக்கி, "இவன் இல்லாமலே ஜெயிப்பேன் பாரு," என்றார். அன்று சொல்லியிருந்தால் ஒரு வாரத்துப் பொய்யாகப் போயிருக்கும். சொல்லாததால் அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் கனத்தது. இப்படியே வாராவாரம். உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, பட்டதைச் சொல்கிறேன். உனக்காக ஒருவர் பழியை ஏற்று வாயை மூடிக்கொண்டால், நீயும் வாயை மூடிக்கொள்ள அவர் சம்மதம் கொடுத்துவிட்டார் என்று நினைக்காதே. நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அவரே வேண்டாம் என்றாரே, அவரே வைத்துக்கொள்ளச் சொன்னாரே என்று. அப்பாவின் கோபமும் காசிம் என்ற ஒரு ஆளோடு நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கரை முழுவதற்கும் பரவியது. நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இப்போது கோயம்புத்தூரில், பார்த்தே இராத ஒரு பிள்ளையின் கட்டில் வரை வந்துவிட்டது. உன் மூன்று வரிகளைப் படித்தபோது, இதைச் செய்தது அப்பா இல்லை, நான் என்று தெரிந்தது.

உன் கடிதம் வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா கொட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

"செமி ஃபைனல் முடியட்டும் புள்ள."

"அந்த லிஸ்ட அவரு தொலைக்கல."

"எந்த லிஸ்ட?"

"எங்கிட்டதான் இருக்கு."

கட்டை அவர் கைக்குள்ளேயே நின்றுவிட்டது. என் பெட்டியைத் திறந்து தர்க்கப் புத்தகத்திலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல், வண்டி, அண்ணன், கனகாம்பரம். அவர் காகிதத்தைப் பிரித்துப் பதினொரு பெயர்களையும் உதடு அசையப் படித்தார். முதல் பெயர் காசிம். ஐந்தாவது அவருடையது.

"எங்கிட்ட அறை வாங்குனப்ப அவனுக்குத் தெரியுமா, இது ஒங்கிட்ட இருக்குன்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா நின்னான்?"

காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்: "நான் பத்துப் பேர வச்சு ஆடுறத இத்தன வருஷமாப் பாத்துக்கிட்டா இருந்த?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மூன்று நாள் பேச்சில்லை. சாப்பிட்டார், ஆபீஸ் போனார், வந்தார். நானும் பள்ளிக்கூடம் போனேன், வந்தேன். கொட்டைகள் கூடத்தில் அப்படியே கிடந்தன. பெருக்கும்போது அவற்றைச் சுற்றியே பெருக்கினேன்.

நேற்றுப் புதன்கிழமை. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தவர் நேரே அடுப்படிக்கு வந்தார். "புளிப்பானை எங்க?" காட்டினேன். கையை விட்டு ஒரு கொட்டையைப் பிதுக்கி எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டே போய் மைதானத்தின் நடுவில், சென்டர் ஃபார்வர்டு இடத்தில் வைத்தார். மற்ற பத்தும் உருண்டு உருண்டு மழமழவென்று ஆகிவிட்டவை. இது புதிது, நார்கூட முழுதாகப் போகவில்லை. எதிரே திருச்சி. நான் நிலைப்படியில் நின்று பார்த்தேன். ஒரு தடவை கட்டை நிஜமாகவே சுவரில் பட்டு விழுந்தது. நமக்கு ஆகாத எண். எடுத்து மறுபடி உருட்டுவார் என்று நினைத்தேன். உருட்டவில்லை. விழுந்த எண்ணுக்கே பித்தானை நகர்த்தினார்.

முடிந்ததும், எல்லா வாரமும் கேட்பதுபோல, "ஜெயிச்சாச்சா?" என்று கேட்டேன். மூன்று நாளில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"தோத்துட்டோம். ரெண்டுக்கு ஒண்ணு."

"அவரு இருந்துமா?"

"இன்னிக்குத்தான் ஒழுங்கா ஆடுனேன்," என்றார். ஈரத்துணி கேட்டு வாங்கி, கோடுகளை அவரே துடைத்தார். துடைத்துக்கொண்டே, "சனிக்கெழமை ஒனக்கு லீவுதானே? கோட்டப்பட்டினத்துக்கு மொதப் பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டார். ஏழு மணிக்கு என்றேன். "நானும் வாரேன். ஆனா வீட்டுக்குள்ள மொத நீ போ. நான் அடிச்சவன், பின்னாடி நிக்கிறேன்."

காசிம் இப்போது எப்படி இருக்கிறார், எங்களை உள்ளே கூப்பிடுவாரா என்று தெரியாது. கூப்பிடாவிட்டால் அதுவும் நியாயம். கவரை நீ போய்க் கொடுத்துவிட்டு வா என்று உன்னிடம் கேட்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். இன்னும் எனக்கு அந்தப் புத்திதான் வருகிறது, பார்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இதைப் படித்ததும் வார்டனிடம் போய், அறை மாற வேண்டாம் என்று நேரில் சொல். பிறகு நசீரிடமும் சொல். நீ மாற்றம் கேட்டது அந்தப் பிள்ளைக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். ஏன் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பான். காரணத்தை மறைக்காதே. அவன் கோபப்பட்டால் படட்டும், கேட்டுக்கொள். சீட்டு எழுதி அவன் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போகாதே. அந்தப் பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்திருந்தால், என்னோடு போகட்டும்.

கவரைக் கைப்பையில் எடுத்து வைத்துவிட்டேன். காசிம் வீட்டுக்கும் ஜன்னல் இருக்கும். நான் வாசலுக்குத்தான் போகப்போகிறேன்.

அம்மா